பேச்சுக்கு முன் கருத்துக்கேட்பு: தேவனாம்பட்டினத்தில் படிவம் எடுபடுமா?

வில்லியனூரான்:
கடலூர் தேவனாம்பட்டினம் மீனவர்களிடம், துறைமுகத்தில் எச்சரிக்கைக்காக ஏற்றுகிற புயல் கூண்டு பற்றி 20 நிமிஷம் பேசணும், முன்னாடியே வாட்ஸ்அப்பில் கருத்துக்கேட்புப் படிவம் அனுப்பலாமா என்பதுதானே கேள்வி? கட்டாயம் அனுப்பணும். ஐந்து கேள்விக்கு மேல் போகக்கூடாது. பத்து நாள் முன்னால் அனுப்பி, நாலு நாள் இருக்கும்போதே மூடிவிடுங்கள். பேச்சைத் திருத்த நேரம் வேண்டும். கடைசிக் கேள்வி, "இதில் உங்களுக்குப் புரியாதது எது?" பேச்சை எங்கே தொடங்குவது என்று அந்தப் பதில்களே சொல்லிவிடும்.

முதுநகர்:
படிவத்தை நிரப்புவது காலேஜ் பிள்ளைகள். கூட்டத்தில் உட்காருவது அப்பாவும் சித்தப்பாவும். 120 பேர் வரும் இடத்தில் 18 பதில் வந்தால் அது 18 பேரின் கருத்து, அவ்வளவுதான். அதை நம்பி எல்லாரும் செல்போனில்தான் வானிலை பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தால் முன்வரிசையே எழுந்துவிடும். வலை சீர்பார்க்கிற நேரத்தில் போய் எட்டுப் பத்துப் பேரிடம் நேரில் கேளுங்கள். ஏலம் நடக்கும்போது போகாதீர்கள், தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

வில்லியனூரான்:
நேரில் "கூண்டு எண் தெரியுமா?" என்றால் யார் சார் தெரியாது என்பார்? நாலு பேர் பக்கத்தில் நிற்கும்போது கௌரவம் விடாது. பெயர் இல்லாத படிவத்தில்தான் உண்மை வரும்.

முதுநகர்:
அது கேள்வியின் குற்றம். "கடலூர் துறைமுகத்தில் 1ஆம் எண் ஏற்றுவதற்கும் 3ஆம் எண் ஏற்றுவதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள். 1 என்றால் புயல் சின்னம் வெகுதொலைவில் இருக்கிறது. 3 என்றால் பலத்த காற்று துறைமுகத்துக்கே வரலாம். தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது பதிலிலேயே வந்துவிடும்.

கெடிலக்கரை:
"ரேடியோவும் வாட்ஸ்அப்பும் பார்த்துத்தான் கிளம்புவீர்களா?" என்கிற மாதிரி கேள்வியும் வேண்டாம். ரேடியோ மட்டும் கேட்பவர் எதை டிக் அடிப்பார்? இரண்டு கேள்வியாகப் பிரித்துவிடுங்கள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர்கள்தான் கரையில் அதிகம் கிடைப்பார்கள். அவர்களை மட்டும் கேட்டுவிட்டு ஊரையே கேட்டதாக நினைக்காதீர்கள். மீன் விற்கும் பெண்களைத் தனியாகக் கேளுங்கள், சேர்த்து உட்காரவைத்தால் ஆண்களே பேசுவார்கள்.

வில்லியனூரான்:
சரி, செல்போனை விட்டுவிடலாம். எழுத வராதவர்களுக்கு மூன்று டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு பதிலைக் காட்டும் படம், கையில் ஒரு புளியங்கொட்டை. சரியென்று படுகிற டப்பாவில் போடட்டும். பெயரும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்.

முதுநகர்:
இது நடக்கும். ஆனால் கண்ணாடி ஜாடி வைக்காதீர்கள். எது நிறைந்திருக்கிறதோ அதிலேயே அடுத்தவரும் போடுவார். தகர டப்பா, மேலே துணி. அடியில் கொஞ்சம் மணல் போடுங்கள், கொட்டை விழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது.