சிகாகோ வில்சன் ஸ்டேஷனும் நம்ம நாகர்கோவில் சந்திப்பும்: பழைய முகப்பை இடிக்கலாமா?

கோட்டாறு_சிகாகோ:
ஊர் கோட்டாறு, வேலை சிகாகோவில். தினமும் ஏறி இறங்குற வில்சன் ஸ்டேஷனைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனப்பு. நம்ம மாவட்டத்துல குழித்துறை ஸ்டேஷனைப் புதுப்பிச்சு 2025 மே மாசம் திறந்தாச்சு. நாகர்கோவில் சந்திப்பும் ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிற அதே அம்ரித் பாரத் திட்டத்துல இருக்கு. சொல்ல வேண்டியதை இப்பவே சொல்லிரணும்.

இங்க ரயில் தெருவுக்கு மேல, இரும்புத் தூண்கள்ல ஓடும். முதல் லைன் 1892-லேயே வந்துட்டு. வடக்குப் பக்க லைனை 1900 மே 31-ல திறந்தப்ப அதோட கடைசி ஸ்டேஷன் வில்சன். அப்புறம் 1908-ல லைன் வடக்கே பக்கத்து ஊரான எவன்ஸ்டன் வரைக்கும் நீண்டது. 1923-ல ஆர்தர் கெர்பர்ங்கிற கட்டடக் கலைஞர் தெருமுனையில அழகா ஒரு முகப்புக் கட்டடம் எழுப்பினார்.

பிற்காலத்துல பராமரிப்பு இல்லாம துருவும் ஒழுகலுமாப் போச்சு. இங்கத்த ஒரு நாளிதழ் வாசகர்கள்கிட்ட ஓட்டு கேட்டப்ப, ஊரிலேயே மோசமான ஸ்டேஷன்னு இதைத்தான் சொன்னாங்க. 2014-ல வேலை தொடங்கி 2017-ல முடிச்சாங்க. பிளாட்பாரம், தூண், கூரை எல்லாம் புதுசு, லிப்டும் வந்துட்டு. ஆனா அந்த 1923 முகப்பை இடிக்கல, பழுது பார்த்து நிறுத்தியிருக்காங்க. மூணு வருசமும் ரயில் இங்க நின்னு போய்க்கிட்டுதான் இருந்தது.

நாகர்கோவில்லயும் அப்படித்தான் செய்யணும்ங்கிறேன். முன்பக்கத்தைத் தொடாம, உள்ளயும் பின்னாலயும் மாத்துங்க.

தோவாளை_பூக்கடை:
தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒப்பீடு பொருந்தல. உங்க ஸ்டேஷன் 1900-ல வந்தது. நமக்குத் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி லைன் வந்ததே 1979 ஏப்ரல் 15. திருநெல்வேலி லைன் 1981. நம்ம ஸ்டேஷன் என் கண் முன்னால எழும்பின சிமெண்ட் கட்டடம். அதுக்கு எதுக்குப் பாதுகாப்பு?

நான் பூ வியாபாரம் பாக்குறவன். ஓணம் வந்தா எங்க சரக்கு வாடறதுக்குள்ள கேரளாவுக்குப் போய்ச் சேரணும். திருவனந்தபுரம் பக்கம் இரட்டைப் பாதை இன்னும் முழுசா முடியல. ஒத்தைத் தண்டவாளத்துல ஒரு வண்டி எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்குது. கையில இருக்கிற பணத்தைத் தண்டவாளத்துல போடுங்க. முகப்பைப் பாத்து யாரும் சீக்கிரம் ஊர் போய்ச் சேர மாட்டான்.

இன்னொண்ணு, அந்த வில்சனுக்கு என்ன செலவாச்சு?

கோட்டாறு_சிகாகோ:
20 கோடியே 30 லட்சம் டாலர், அண்ணாச்சி. அன்னைக்கு மதிப்புல ஏறக்குறைய 1,300 கோடி ரூபாய். பெரிய தொகைதான், மறுக்கல. ஆனா அதுல பெரும்பகுதி பாலத்துக்கும் பிளாட்பாரத்துக்கும். நாலு தண்டவாளத்துக்கு நடுவில ரெண்டு பிளாட்பாரம் போட்டதால, முன்னால நிக்காமப் போன பர்ப்பிள் லைன் எக்ஸ்பிரசும் இப்ப நிக்குது. முகப்பைக் காப்பாத்தினதால ரயில் வசதி ஒண்ணும் குறையல.

மார்த்தாண்டம்_ஸ்டோர்ஸ்:
எனக்க கடை மேம்பாலத்துக்குக் கீழ. 2018-ல இரும்புப் பாலம் வந்த பிறவு வெயிலே கடைக்குள்ள வாறதில்ல, பகல்லயே லைட்டு போட்டுத்தான் இருக்கேன். மேல போறவனுக்கு அது வழி, கீழ இருக்கவனுக்கு அது கூரை. சிகாகோவில நூறு வருசமா இப்படித்தானே? தூண் எங்க நிக்குது, நடைபாதையிலயா? அதச் சொல்லுங்க, மத்ததெல்லாம் பிறவு பேசலாம்.

கோட்டாறு_சிகாகோ:
சரியான கேள்வி. பழைய அமைப்புல தூண்கள் ரோட்டுலயும் நடைபாதையிலயும் நெருக்கி நின்னது. ஆள் ஒதுங்கி நடக்கணும், வண்டி ஓட்டுறவனுக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. புதுசாக் கட்டினப்ப நீளமான உத்தரம் போட்டுத் தூண்களைக் குறைச்சாங்க. கீழ வெளிச்சம் கூடியிருக்கு. அந்த மூணு வருசத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை அதுதான்.

தோவாளை_பூக்கடை:
நீங்க விட்டுட்ட ஒரு சங்கதி உண்டு. அந்த 1923 முகப்பு வெறும் மனையில எழும்பல. அதுக்கு முன்னால அதே இடத்துல ஸ்டோர் ஆர்கேடுன்னு ஒரு கடைக் கட்டடம் இருந்தது. 1909-ல கட்டினது, வரைஞ்சது பிராங்க் லாயிட் ரைட். எனக்க மவன் கட்டடக்கலை படிக்கான், அவன்தான் சொன்னான். 1922-ல இடிச்சுட்டாங்க. உலகமே கொண்டாடுற மனுசன் வரைஞ்ச கட்டடம் பதிமூணு வருசம்தான் நின்னுது. இடிச்ச இடத்துல வந்ததைத்தான் இப்ப நீங்க பாதுகாக்கச் சொல்லுதீங்க. தேவைப்பட்டா அவங்களும் இடிக்கத்தான் செஞ்சிருக்காங்க.

கோட்டாறு_சிகாகோ:
உண்மை அண்ணாச்சி, இடிச்சாங்க. ஆனா இன்னைக்கு அந்தக் கட்டடத்தைப் போட்டோவுலதான் பாக்க முடியும். அந்த இழப்பை இங்க இன்னும் பேசுறாங்க. இதே ஊர்ல குவின்சின்னு ஒரு ஸ்டேஷன், 1897-ல திறந்தது. அதை 1980-கள்ல பழைய மரவேலையோட அப்படியே மீட்டெடுத்தாங்க. அங்கயும் பின்னால லிப்ட் வச்சாங்க, பழசு கெடல.

இரணியல்_பயணி:
ரெண்டு பேரும் முகப்பா தண்டவாளமான்னு நிக்கறீங்க. எங்க அம்மாவுக்கு எழுபத்தி ரெண்டு வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு. மாசம் ஒருக்கா திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். திரும்பி வரும்போது வண்டி மறுபக்க பிளாட்பாரத்துல நின்னா, நடைமேம்பாலம் ஏறி இறங்கணும். போன மழையில நடுப்படியில உக்காந்துட்டாங்க. முன்பின் தெரியாத ரெண்டு பிள்ளைங்கதான் கைத்தாங்கலா இறக்கி விட்டாங்க. முகப்பு பழசா புதுசான்னு அம்மா பாக்கவே இல்ல.

சிகாகோ அண்ணா, நீங்க எழுதினதுல எனக்கு வேணும்னு பட்டது ஒரே வரி, அந்த லிப்ட். அதை மூணாவது பத்தியில சும்மா சொல்லிட்டுப் போயிட்டீங்க.

கோட்டாறு_சிகாகோ:
தங்கச்சி சொன்னது சரி. நான் வரிசையை மாத்தி வச்சுட்டேன். பழைய வில்சன்ல லிப்டே கிடையாது. சக்கர நாற்காலிக்காரங்க நூறு வருசத்துக்கு மேல அந்த ஸ்டேஷனை வெளிய நின்னு பாத்ததோட சரி. முதல்ல அதைத்தான் எழுதியிருக்கணும்.

முகப்புல என் பிடிவாதத்தைத் தளர்த்திக்கிறேன். கட்டடம் போனாலும், 1979-ல இந்த மண்ணுக்கு ரயில் வந்ததைச் சொல்ற ஒரு கல்லும் நாலு பழைய படமும் நடைக்கூடத்துல இருக்கணும். அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன். முதல் வண்டி பாக்க எங்க அப்பா கோட்டாறுல இருந்து நடந்தே போனவர்.

தோவாளை_பூக்கடை:
கல்லு வைங்க, ஆட்சேபணை இல்ல. நானும் அன்னைக்குப் போனேன், என்னா கூட்டம்! ஆனா இரட்டைப் பாதை விஷயத்துல நான் மாற மாட்டேன். லிப்டும் தண்டவாளமும் போக மிஞ்சினாத்தான் மத்தது.

மார்த்தாண்டம்_ஸ்டோர்ஸ்:
சந்திப்புல எந்தப் பிளாட்பாரத்துக்கு லிப்ட் வருது, எதுக்கு வரலன்னு நேர்ல போய்ப் பாத்து யாராவது இங்க எழுதுங்க. நாகர்கோவில் டவுண் ஸ்டேஷனையும் சேத்துப் பாக்கணும். சந்திப்புக்குள்ள வந்து இஞ்சின் மாத்தாம நேராப் போற வண்டியெல்லாம் அங்கதானே நிக்குது.

இரணியல்_பயணி:
வர்ற செவ்வாய்க்கிழமை அம்மாவோட போறேன். ரெண்டு ஸ்டேஷனையும் பாத்து, படி எத்தனைன்னு எண்ணி எழுதுறேன்.