மறு: 'க்ராஸ்போஸ்டிங்' – குறுக்குப்பதிவா, வழிப்பதிவா?

தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். ஒரே கட்டுரையைப் பல தளங்களில் போடுவதை ஆங்கிலத்தில் க்ராஸ்போஸ்டிங் என்கிறார்கள். நம் வலைப்பதிவுக் கையேட்டுக்காக அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> க்ராஸ்போஸ்டிங் = குறுக்குப்பதிவு. இதையே கையேட்டில் போட்டுவிடலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. குறுக்கு என்றதும் நம் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் நினைவுக்கு வருவது குறுக்குத் தெரு. அடுத்தது 'குறுக்கே வராதே'. நாம் செய்யும் வேலை இரண்டிலும் இல்லை. சொந்தத் தளத்தில் எழுதுகிறோம், ஓடை (புதிய பதிவுகளைத் தானாக வெளியே தரும் கோப்பு, ஆங்கிலத்தில் 'ஃபீட்') அதை வேறு தளங்களுக்குக் கொண்டுபோகிறது. எழுத்து எங்கே பிறந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் எண்ணூரிலும் காசிமேட்டிலும் நடப்பதை எழுதுகிறவர்கள். அவர்கள் எழுதுவது பின்னாளில் சான்றாக எடுத்துக் காட்டப்படும்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது நம்மில் ஒருவர் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை வழியாக வேறு தளங்களுக்கும் போனது. அப்புறம் அவர் தன் தளத்தில் ஒரு குப்பத்தின் பெயரைத் திருத்தினார். மற்ற இடங்களில் பழைய பெயரே நின்றுவிட்டது. ஏனென்றால், ஓடையில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. எடுத்துப்போடும் கருவிகளில் பெரும்பாலானவை அந்தக் குறியை ஒரு முறை பார்த்துவிட்டால், அடுத்த முறை 'இது வந்தாச்சு' என்று தாண்டிவிடும். திருத்தம் போய்ச் சேராது. குறியே மாறிவிட்டால் நேர் எதிர்: பழைய கட்டுரையெல்லாம் புதிது என்று மறுபடி போய் விழும். முகவரியையே குறியாக வைத்திருப்பவர்கள் தளத்தை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும்போது, முகவரியின் தொடக்கம் மாறிவிடுவதால், இப்படித்தான் ஆகிறது.

ஆக, மற்ற தளங்களில் இருப்பதை நம்பி யாரும் மேற்கோள் காட்டக் கூடாது. திருத்தம் இருக்கும் இடம் ஒன்றுதான்.

தண்டையார்பேட்டை அண்ணன் சொன்ன 'மறுபதிவு', அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போடுவதற்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 'பகிர்வு' வெறும் சுட்டியைத் தருவதற்கும் பொருந்தும். 'ஆர்எஸ்எஸ் பதிவு' என்றால் ஓடையின் ஒரே வடிவத்தோடு கட்டுண்டு போவோம். 1999இல் நெட்ஸ்கேப்பில் பிறந்த ஆர்எஸ்எஸ்ஸும் ஓடைதான், 2005இல் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தரமாக வந்த 'ஆட்டம்' (Atom) வடிவமும் ஓடைதான்.

நான் முன்வைக்கும் சொல் வழிப்பதிவு. தொல்காப்பியம் முதல்நூல், வழிநூல் என்று பிரித்து வைத்திருக்கிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக எண்ணுகிறது. முதல்நூலைப் பின்பற்றி வருவது வழிநூல். அந்த உறவுதான் நமக்கு வேண்டும். 'ஓடை வழியாக வந்த பதிவு' என்று புரிந்துகொண்டாலும் பிழையில்லை.

> வழிநூலில் ஆசிரியர் மாற்றிச் சொல்லலாம். இது அச்சு அசல் நகல் அல்லவா?

நல்ல கேள்வி. ஆனால் நடைமுறையில் அச்சு அசலாகப் போவது குறைவு. வேர்ட்பிரஸில் ஓடைக்கு முழுக் கட்டுரையா, சுருக்கமா என்று நாமே தேர்ந்தெடுக்கிறோம். சுருக்கத்தைத் தேர்ந்தால் போவது சில வரிகள்தான். படத்துக்குக் கீழே எழுதியது ஒரு தளத்தில் வரும், இன்னொன்றில் காணாமல் போகும். வழிநூலின் நான்கு வகையில் தொகுத்தலும், அதாவது சுருக்கிச் சொல்வதும், ஒன்று. அதனால் சொல் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சொந்தத் தளத்தில் இருக்கும் பதிவுக்கு இணைச்சொல்லாக 'முதற்பதிவு' வைக்கத்தான் ஆசை. ஆனால் 'இது என் முதல் பதிவு' என்று வலைப்பதிவர்கள் தொடங்குவது வழக்கம், குழப்பம் வரும். மூலப்பதிவு என்று வைப்போம். இடம் வாங்கி விற்ற எவருக்கும் மூலப்பத்திரம் தெரியும். கையில் எத்தனை நகல் இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

இதிலிருந்தே கேனானிக்கல் என்பதற்கும் சொல் கிடைக்கிறது: மூலச்சுட்டி. 'இதன் மூலம் அங்கே இருக்கிறது' என்று தேடுபொறிக்குச் சொல்லும் அந்த வரியை 2009இல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஏற்றன. மீடியம் என்ற பதிவுத்தளத்தின் இறக்குமதிக் கருவி அதைத் தானே போட்டுவிடுகிறது. ஆனால் தேடுபொறிக்கு அது கட்டளை இல்லை, குறிப்புதான். அதை மீறி வழிப்பதிவையே முன்னால் காட்டலாம். ஃபேஸ்புக்கில் கட்டுரையை ஒட்டினால் அந்த வரியைச் சேர்க்கவே வழியில்லை. ஆகவே வாசகர் கண்ணில் படும்படி முகவரியை மேலேயே எழுதச் சொல்ல வேண்டும். கையேட்டில் இப்படி வரலாம்:

"வழிப்பதிவின் முதல் வரியில் மூலப்பதிவின் முகவரியைக் கொடுங்கள். திருத்தம் செய்தால் மூலப்பதிவில் தேதியோடு குறியுங்கள். வழிப்பதிவுகளைக் கையால் திருத்துங்கள்."

பேச்சிலும் சொல்லிப் பார்த்தேன்: "வழிப்பதிவு போட்டாச்சா?" நாக்கில் தடங்கவில்லை. பல வலைப்பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற தளங்களுக்குத் திரட்டி என்ற சொல் அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டது இப்படி வாயில் எளிதாக வந்ததால்தான்.

வினைவடிவம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. 'வழிப்பதிவிடு' நீளம். 'வழிப்படுத்து' என்றால் நெறிப்படுத்துவது என்று பொருள் போய்விடும். இதற்குச் சுருக்கமாக ஏதாவது தோன்றினால் அண்ணனும் தம்பியும் எழுதுங்கள். அதற்குள் செய்தியோடை பற்றிய பக்கத்தில் மூலப்பதிவு, வழிப்பதிவு இரண்டையும் சேர்த்து வைக்கிறேன்.