சாக்கெட்டை (நிரல்கள் வலையில் பேசிக்கொள்ளும் இணைப்பின் முனையை) மூடும்போது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கடைசிபைட்:
சர்வர் லினக்ஸ், கிளையன்ட் விண்டோஸ். சிறிய அறிக்கை ஒன்றை அனுப்பியதும் சர்வர் க்ளோஸ் செய்துவிடும். லினக்ஸ் கிளையன்டில் அறிக்கை முழுதாக வந்தது. விண்டோஸில் மட்டும் அவ்வப்போது வால் அறுந்து, 10054 (எதிர்முனை இணைப்பை முறித்தது) பிழையோடு நின்றது. சர்வரின் லாக் கோப்பில் செண்ட் வெற்றி என்றே இருந்தது. வலைப் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால், ஃபின் (முறையாக முடிக்கும் செய்தி) இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஓர் ஆர்எஸ்டி (இணைப்பை முறிக்கும் செய்தி)! கிளையன்ட் கடைசியாக அனுப்பிய இரண்டு பைட் சர்வரின் பஃபரில் (வந்த தரவு காத்திருக்கும் இடத்தில்) படிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. அந்த நிலையில் மூடினால் லினக்ஸ் இணைப்பை முடித்துவைப்பதில்லை, முறித்துவிடுகிறது. அந்தச் சிவப்பு வரியை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. செண்ட் வெற்றி என்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தரவை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள்; இதை ஏன் யாரும் முதலிலேயே உரக்கச் சொல்வதில்லை?

இரவுப்பணி:
எஸ்ஓ_லிங்கர் (மிச்சத் தரவு போய்ச்சேரும்வரை க்ளோஸைக் காத்திருக்கச் சொல்லும் அமைப்பு) வைத்திருந்தால் தப்பித்திருக்கலாமே. என் கதை மேக்கில். லினக்ஸில் நன்றாக ஓடிய நிரல் அங்கே சத்தமில்லாமல் செத்தது. லாக்கில் ஒரு வரிகூட இல்லை. ஷெல்லில் 141 என்ற வெளியேறு எண் மட்டும். எதிர்முனை மூடிவிட்ட சாக்கெட்டில் எழுதியதால் வந்த சிக்பைப், அதாவது நிரலைக் கொன்றுவிடும் சிக்னல். அதைத் தடுக்க நிரலில் லினக்ஸுக்கு எம்எஸ்ஜி_நோசிக்னல் கொடுத்தவர்கள், மேக்கில் அதற்கென உள்ள எஸ்ஓ_நோசிக்பைப்பை வைக்கவில்லை.

பொதுமுனை:
லிங்கர் இங்கே உதவாது, இரவுப்பணி. படிக்காத தரவு மிச்சமிருந்தால் லினக்ஸில் லிங்கர் இருந்தாலும் ஆர்எஸ்டிதான் போகும். அதன் நேரத்தை 0 என்று வைத்தாலோ, நாமே முறிவைக் கேட்டு வாங்குகிறோம். முதலில் ஷட்டவுன் மூலம் எழுதும் பக்கத்தை மட்டும் மூடுங்கள். லினக்ஸில் ஷட்_டபிள்யூஆர், விண்டோஸில் எஸ்டி_செண்ட். பிறகு ரிசீவ் 0 தரும்வரை (எதிர்முனையும் மூடும்வரை) படித்துத் தள்ளுங்கள். எதிர்முனை உறைந்துபோனால் மாட்டிக்கொள்ளாதிருக்கக் காலவரம்பு வேண்டும். அதன் பின்னரே க்ளோஸ், விண்டோஸில் க்ளோஸ்சாக்கெட். அறிக்கை சேர்ந்ததா என்பது முக்கியமென்றால் மறுமுனை நிரலே ‘பெற்றேன்’ என்று பதில் அனுப்ப வேண்டும். இன்னொன்று: சிக்னல் குறுக்கிட்டு க்ளோஸ் பிழை தந்தால், லினக்ஸில் மறுபடி அழைக்காதீர்கள். அந்தச் சாக்கெட்டைக் குறிக்கும் எண் ஏற்கெனவே விடுபட்டிருக்கும். அதே நிரலில் இணையாக ஓடும் வேறொரு த்ரெட்டுக்குப் போயிருக்கவும் கூடும். எங்களிடம் வந்த பழைய நிரல் ஒன்று இப்படித்தான் தரவுத்தள இணைப்பையே மூடிக்கொண்டிருந்தது.

குறிப்பலை:
ஷட்டவுனும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, பொதுமுனை. அக்செப்டில் (புது இணைப்பை ஏற்கும் அழைப்பில்) காத்திருக்கும் த்ரெட்டை எழுப்ப, லிசன் சாக்கெட்டில் (புது இணைப்புக்குக் காத்திருக்கும் சாக்கெட்டில்) ஷட்டவுன் அழைத்தோம். லினக்ஸில் உடனே எழுந்தது. மேக்கில் ‘இணைப்பு இல்லை’ என்ற பிழை வந்தது. த்ரெட் அசையவே இல்லை. கடைசியில் பல முனைகளை ஒருசேரக் கவனிக்கும் போல் (poll) அழைப்பில், நிரலுக்குள்ளேயே தரவு கடத்தும் ஒரு பைப்பையும் சேர்த்து, அதில் ஒரு பைட் எழுதி எழுப்பினோம். இரண்டிலும் அதுவே இன்றும் ஓடுகிறது.