கிளிநொச்சி நாணயக் குத்தி கிளிநொச்சியிலேயே இல்லை. வங்கியும் சில்லறை தர மறுக்கிறது. உதவி வேண்டும்

பரந்தன் பொடியன் கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மத்திய வங்கியின் மாவட்ட 10 ரூபாய் நாணயக் குத்திகளைச் சேர்க்கிறேன். 2013 என்று ஆண்டு போட்டவை, 25 மாவட்டத்துக்கு 25 விதம். ஒன்றரை வருடத்தில் 21 சேர்ந்துவிட்டது. மிச்சம் நாலு: நுவரெலியா, மொனராகலை, முல்லைத்தீவு, கிளிநொச்சி. ஆம், நான் பிறந்து வளர்ந்த மாவட்டமே கையில் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

கடையில் தரும் மிச்சக் காசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஆயுளில் முடியாது என்று, வங்கியில் மொத்தமாக வாங்கிப் பார்க்கத் தொடங்கினேன். முதல் தடவை 5,000 ரூபாய் கொடுத்து 500 குத்தி கேட்டேன். காசாளர் அக்கா ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் தந்தார். வீட்டில் பாயை விரித்துக் கொட்டி இரவு பதினொரு மணிவரை புரட்டினேன். மன்னார் ஒன்று, அம்பாறை இரண்டு, 2011ஆம் ஆண்டுச் சம்புத்தத்வ ஜயந்திக் குத்தி (புத்தர் ஞானம் பெற்றதன் நினைவாக வந்தது) ஆறு. எல்லாம் ஏற்கனவே இருப்பவை.

சிக்கல் அடுத்த கிழமைதான். மிச்சத்தைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்கு அதே கிளைக்குப் போனேன். அன்று ஓய்வூதிய நாள் என்று எனக்குத் தெரியாது. பின்னால் முப்பது பேர். பையை மேசையில் வைத்த சத்தத்துக்கே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'போன கிழமை கொண்டுபோனதைத்தானே திருப்பிக் கொண்டுவருகிறீர்கள், எங்களுக்கு வேறு வேலை இல்லையா' என்று அக்கா கேட்டார். முகாமையாளர் வந்து 'எண்ண ஆள் இல்லை, இனிச் சில்லறையும் தர முடியாது' என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் அப்படி மறுக்கலாமா? வேறு எங்கே தேடலாம்? இதை வேகமாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா? இப்போது 491 குத்தி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

பழைய காசாளர் (வவுனியா):

தம்பி, முப்பது வருடத்துக்குக் கிட்டக் கவுண்டருக்கு உள்ளே இருந்தவன் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தவறு முக்கால்வாசி உங்கள் பக்கம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குத்தி செல்லும் காசு. ஒரு சதம் முதல் எல்லாமே இன்றைக்கும் செல்லும். அதைக் காசு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் கவுண்டரில் நின்று அந்தச் சட்டத்தைப் பேசிப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்தக் கிளையில் உங்களுக்கு ஒரு குத்தியும் கிடைக்காது.

உள்ளே நடப்பது இதுதான். சின்னக் கிளைகளில் குத்தி எண்ணும் இயந்திரம் இருக்காது, கையால் எண்ண வேண்டும். 500 குத்தியை ஐந்து ஐந்தாக அடுக்கி எண்ண, பழகிய கைக்கே நேரம் பிடிக்கும். பின்னேரம் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் குறைந்தால், எங்கள் காலத்தில் காசாளர்தான் தன் காசைப் போட்டார். ஆகவே பிரித்த பையைக் கண்டாலே எரிச்சல் வரும். பத்து ரூபாய்க்காக இல்லை, அன்றைக்கு வீட்டுக்குப் போகப் பிந்தும் என்பதற்காக.

மாவட்டக் குத்தி ஒன்று எட்டு கிராமுக்குச் சற்றுக் கூட. 500 என்றால் நாலு கிலோவுக்கு மேல். நீங்கள் கொண்டுபோனது ஒரு பை அரிசி மாதிரி.

இனி இப்படிச் செய்யுங்கள். ஐம்பது ஐம்பதாக எண்ணி, உள்ளே தெரிகிற பொலித்தீன் பையில் கட்டி, 500 ரூபாய் என்று எழுதிய துண்டை உள்ளே வையுங்கள். ஒவ்வொரு பையிலும் ஒரே வகைக் குத்திதான் இருக்க வேண்டும். 2013க் குத்தியோடு பிறகு வந்த சின்னக் குத்தியைக் கலந்தால் நிறை ஒத்துவராது. ஒரே வகையாக இருந்தால் ஒரு பையை எண்ணிவிட்டு மற்றதைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கணக்கு இருக்கிற கிளைக்கே போங்கள். ஓய்வூதிய நாள், சம்பள நாள், திங்கள் காலை, நீண்ட விடுமுறைக்கு முதல் நாள், இவை வேண்டாம். கிழமை நடுவில் ஒரு மணிக்குப் பிறகு கூட்டம் ஓய்ந்திருக்கும். என்ன செய்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மூட்டையாகச் சில்லறை கேட்டு, காரணம் சொல்லாமல் நிற்கிற பொடியனை எவரும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். 'மாவட்டக் குத்தி சேர்க்கிறேன், கிளிநொச்சி இல்லை' என்று சொன்னால் அந்தப் பிள்ளையே ஒன்றை எடுத்து ஒதுக்கி வைக்கும்.

எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொட்டாதீர்கள். உங்களுக்கும் பார்த்த குத்தியே சுற்றிச் சுற்றி வரும்.

முள்ளியவளை கடை அன்ரி:

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் எதற்கு வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும்? இங்கே சில்லறை இல்லாமல் நான் மிச்சக் காசுக்கு ரொபி கொடுத்து ஏச்சு வாங்குகிறேன். அந்த 491ஐயும் கொண்டுவாருங்கள், தாளாகத் தருகிறேன். எண்ணிக் கட்டிக்கொண்டு வந்தால் தேத்தண்ணியும் தருவேன்.

ஸ்காபரோ மாமா:

நான் மாங்குளம், இப்போது கனடா. இங்கே இது பெரிய பொழுதுபோக்கு. வங்கியில் தாள் சுற்றிய உருளையாகவே தருவார்கள். 25 சத உருளையில் 40 குத்தி, 10 டொலர். 10 சதத்தில் 50 குத்தி, 5 டொலர். எல்லோரும் தேடுவது வெள்ளியைத்தான். 1920 முதல் 1966 வரை வந்த 10, 25 சதங்களில் 80 வீதம் வெள்ளி, 1968 நடுவில் வெள்ளி நின்றது. அதற்குப் பிறகு வந்தவை நிக்கல், பிறகு பூச்சுப் போட்ட உருக்கு. காந்தத்தில் ஒட்டாதது வந்தால் கை நடுங்கும். நான் நாலு வருடத்தில் பதினேழு எடுத்தேன். இங்கேயும் ஒரு வங்கியில் எடுத்து வேறு வங்கியில்தான் போடுவோம். ஊரில் வெள்ளி ஏதும் வருமா?

பழைய காசாளர் (வவுனியா):

வராது. இலங்கையில் 50 சதம் 1942 வரைதான் வெள்ளி, அடுத்த வருடம் நிக்கல் பித்தளையாக மாறிவிட்டது. 1957 புத்த ஜயந்தி 5 ரூபாய் வெள்ளிதான், அதை எவரும் பஸ்ஸுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

புளியங்குளம் சேகரிப்பாளர்:

பிரிக்கிற வழிக்கு வருகிறேன்.

மாவட்டக் குத்தியில் காந்தத்தை நம்பாதீர்கள். சாதாரண 2009க் குத்தியும் அதுவும் 11 பக்கம், ஒரே அளவு. கண்ணால்தான் பார்க்க வேண்டும். பாயில் கொட்டாமல், கறுப்புத் துணி விரித்த தட்டில் ஐம்பது ஐம்பதாகப் பரப்பி, ஒரு பக்கம் பார்த்து, எல்லாவற்றையும் புரட்டி மறுபக்கம் பாருங்கள். பழகினால் ஐம்பதுக்கு ஒரு நிமிடம். பிறகு வந்த சின்னக் குத்திகளை முதலிலேயே தள்ளிவிடுங்கள்.

காந்தம் உதவுவது 1, 2, 5 ரூபாயில். 2005இல் இந்த மூன்றும் மேல்பூச்சுப் போட்ட உருக்கில் வந்தன. அதற்கு முன் வந்த 2 ரூபாயும் பழைய 1 ரூபாயும் செப்பு நிக்கல், காந்தத்தில் ஒட்டாது. ஒரு மூட்டை 2 ரூபாயில் காந்தத்தை இழுத்தால் பெரும்பாலானது ஏறிவிடும். கீழே கிடப்பதில் நினைவுக் குத்திகளைப் பாருங்கள்: 1995 உணவு விவசாய அமைப்பு 2 ரூபாய், 2001 கொழும்புத் திட்டம் 2 ரூபாய். 1 ரூபாயில் 1992 ஜனசவிய (வறுமை ஒழிப்புத் திட்டம்), 1996 யுனிசெப். 5 ரூபாயிலும் கொஞ்சம் உண்டு, 1995 ஐக்கிய நாடுகள், 1999 கிரிக்கெட், 2003 உபசம்பதா (பிக்குகளின் உயர் துறவு). எனக்கு இவை வங்கியில் வந்ததே இல்லை. ஊர்க் கோயில் உண்டியலில்தான் வந்தன. வீட்டு மண் உண்டியலில் பதினைந்து வருடம் கிடந்தது நேர்த்திக்கு வரும்போது அப்படியே வரும்.

பொங்கலுக்குப் பிறகு உண்டியல் எண்ண ஆள் தேடுவார்கள், போய் உட்காருங்கள். ஆனால் விருப்பமான குத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிறகு காசு வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எண்ணி முடித்து, கணக்கு எழுதிய பிறகு, செயலாளருக்கு முன்னால் தாளைக் கொடுத்து மாற்றுங்கள். சாமி காசில் பழி வந்தால் ஊரில் தலை நிமிர முடியாது.

பின்னொன்று. வந்த குத்தியைப் புளி போட்டோ பிரசோ (பித்தளை மினுக்கி) போட்டோ மினுக்க வேண்டாம். மினுக்கிய குத்தியைச் சேகரிப்பவர் தொடமாட்டார்.

ஒட்டுசுட்டான் வாசகர்:

எங்கள் வளவில் மலசலகூடக் குழி வெட்டும்போது ஒரு பால்மா ரின்னில் குத்திகள் வந்தன. இடம்பெயரும்போது யாரோ தாட்டது போல. 1 ரூபாய் சிலது நல்லாக இருக்கிறது, 5 ரூபாய் துருப்பிடித்து ஒட்டிப்போய்விட்டது. உலோகம் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று வாங்கிப் பக்கத்துக் காணியிலும் பார்க்கலாமா?

புளியங்குளம் சேகரிப்பாளர்:

வேண்டாம். வன்னியில் மிதிவெடி எடுக்கிற வேலை முடிந்ததாகத் தெரிகிற காணியிலும் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் கருவி சொல்லாது, இரும்பு என்று மட்டும் சொல்லும். கருவியோடு நிற்பவரைப் புதையல் தோண்டுபவர் என்று பொலிஸ் பிடிப்பதும் உண்டு. தொல்பொருள் சட்டம் 1940இலிருந்து இருக்கிறது, அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்ட முடியாது.

ரின்னில் வந்ததில் துருப்பிடித்தது பூச்சுப் போட்ட உருக்கு, 2005இலோ அதற்குப் பிறகோ வந்தது. நல்லாக இருப்பது செப்பு நிக்கல். உள்ளே ஆண்டு பார்த்தால் யார் எப்போது தாட்டார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். காணிக்காரர் உயிரோடு இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.

இரவு பஸ் நடத்துனர்:

நான் கொழும்பு ஓட்டத்தில் இருப்பவன். தம்பி, உங்களுக்குக் கிளிநொச்சி ஏன் கிளிநொச்சியில் கிடைக்கவில்லை என்று இன்னும் எவரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் குத்தியை எங்கள் ஊராரே எடுத்து ஒளித்து வைக்கிறார்கள்! சாமித்தட்டில், பேர்ஸில், அலுமாரியில். பரந்தன் வங்கிக்கு அது எப்படி வரும்? குருநாகல்காரருக்குக் கிளிநொச்சி என்றால் அது வெறும் பத்து ரூபாய், ரிக்கெற்றுக்குத் தந்துவிடுவார். அங்கே குருநாகல் குத்திதான் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

விடியப் பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக்கு நிறுத்துவேன். என் பையில் இருக்கும் பத்து ரூபாய்களை நீங்கள் தாளுக்கு வாங்குங்கள். எனக்கும் பாரம் குறையும். ஆனால் காலை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும்.

திருநகர் வியாபாரி:

என்னிடம் கிளிநொச்சி ஒன்று இருக்கிறது. 25,000 ரூபாய்.

பழைய காசாளர் (வவுனியா):

அதை நீங்களே வைத்திருங்கள். லட்சம் என்று விலை போடுபவரும் இருக்கிறார்கள், வாங்கியவரைத்தான் நான் இன்னும் காணவில்லை.

பரந்தன் பொடியன் (ஐந்து கிழமை கழித்து):

நடந்ததைச் சொல்கிறேன்.

491 குத்தியையும் ஐம்பது ஐம்பதாகக் கட்டினேன், ஒன்பது பையும் 41 உதிரியும். ஆறு பை முள்ளியவளைக்குப் போனது. தேத்தண்ணியோடு வடையும் தந்தார்கள். அன்ரியிடம் முல்லைத்தீவுக் குத்தி ஒன்று இருக்கிறது, சாமியறையில் வைத்திருக்கிறார். நான் பார்த்தேன், கேட்கவில்லை. அவரும் 'அது தரமாட்டேன்' என்று கேட்காமலே சொன்னார். நடத்துனர் அண்ணா சொன்னது சரி.

மிச்ச மூன்று பையோடு ஒரு புதன்கிழமை இரண்டு மணிக்கு வங்கிக்குப் போனேன். அதே அக்கா. முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு விஷயத்தைச் சொன்னேன். ஒரு பையைப் பிரித்து எண்ணினார், மற்ற இரண்டையும் தராசில் வைத்தார், வைப்பில் போட்டார். புதிதாகச் சில்லறை கேட்கவில்லை, இப்போதைக்குத் தேவையும் இல்லை. கட்டிலுக்குக் கீழே இனி உதிரி மட்டும்தான்.

ஐந்து மணிக்கு எழும்பிச் சந்திக்குப் போனது எட்டு நாள். மூன்றாவது நாள் நுவரெலியா. ஏழாவது நாள் கிளிநொச்சி, விளிம்பில் ஆணியால் கீறியது போல ஒரு காயத்தோடு. நடத்துனர் அண்ணா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, 'கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார்' என்றார். அம்மாவிடம் காட்டினேன். 'இவ்வளவுதானா' என்றார்.

இனி முல்லைத்தீவும் மொனராகலையும் மட்டும். என்னிடம் மன்னார் மூன்று, அம்பாறை இரண்டு, வவுனியா இரண்டு கூடுதலாக இருக்கிறது. எவரிடமாவது மொனராகலை இரண்டு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். முல்லைத்தீவுக்கு இரண்டு குத்தி தருவேன்.