மலை மேல பாக்கெட் பிபிஎஸ்: பெர்சனல் மெசேஜ் போகுது, புல்லட்டின் மட்டும் போய்ச் சேரமாட்டேங்குது

சேர்வராயன்_ஷேக்:

வணக்கம் ஓஎம்ஸ் (ஹாம் நண்பர்களே). ஏற்காட்டுல மாமாவோட காப்பி எஸ்டேட்ல ஒரு பாக்கெட் பிபிஎஸ் (ஹாம் ரேடியோ வழியா மெசேஜ் வாங்கி, வச்சு, அனுப்பற மெயில்பாக்ஸ்) ஓடிட்டிருக்குங்க. ராஸ்பெர்ரி பை 3, அதுல டைர் வுல்ஃப் ங்கற சாஃப்ட்வேர் தான் மோடம், மேல பிபிஎஸ் சாஃப்ட்வேர் லின்பிபிக்யூ, ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, வண்டில வைக்கற பழைய மொபைல் ரிக் (ரேடியோ செட்), 2 மீட்டர்ல 1200 பாட். சோலார் பேட்டரில ஓடுது. கீழ சேலம் ஹஸ்தம்பட்டில நண்பர் ஒருத்தர் அதே லின்பிபிக்யூ வச்சிருக்கார், ரெண்டு பேரும் ஃபார்வர்டிங் பார்ட்னர் (ஒருத்தர் மெஷினுக்கு ஒருத்தர் மெஷின் மெசேஜ கைமாத்தும்). ஆத்தூர்ல இன்னொருத்தர் இப்பதான் சேர்ந்திருக்கார்.

பிரச்சனை என்னன்னா, மலையிலிருந்து நான் எஸ்பி (SP) போட்டு அனுப்பற பெர்சனல் எல்லாம் ஹஸ்தம்பட்டிக்கு ஒழுங்கா போயிடுது (ஒன்னு ரெண்டு காணாம போச்சு, அத பெருசா எடுத்துக்கல). ஆனா எஸ்பி (SB) ஆல் @ ஐஎன்டி னு இந்தியா பூராவுக்கும் புல்லட்டின் (எல்லாருக்கும் பொதுவான செய்தி) போட்டா அங்க வரவே இல்ல. அவர் போடற புல்லட்டின் எனக்கு வருது. ஒரு பக்கம் மட்டும்தான் இப்படி. முன்னாடி நல்லாதான் போயிட்டிருந்துச்சு, இந்த கோடைக்கு அப்புறம்தான் இந்த வம்பு. கான்ஃபிக்ல நான் எதையும் மாத்தலைங்க. எங்க பாக்கணும்னு யாராச்சும் சொல்லுங்க.

டிப்போல்_ஃபேர்லேண்ட்ஸ்:

பெர்சனல் போகுது புல்லட்டின் போகலன்னா பத்துக்கு எட்டு தடவ ரூட்டிங் தான் தம்பி. மெயில் ஃபார்வர்டிங் பக்கத்துல ஹெச்ஆர் (எது எந்த வழியா போகணும்ங்கற ரூட்) கட்டம் ரெண்டு இருக்கும், ஒன்னு ஃப்ளட் புல்லட்டினுக்கு (எல்லா பிபிஎஸ்ஸுக்கும் பரவறது), இன்னொன்னு பெர்சனலுக்கும் டைரக்டட் புல்லட்டினுக்கும். நிறைய பேர் ரெண்டாவத மட்டும் ஃபில் பண்ணிட்டு ஃப்ளட் கட்டத்த காலியா விட்டுடறாங்க, அப்ப @ ஐஎன்டி போட்டா எந்த பார்ட்னருக்கும் மேட்ச் ஆகாம அங்கயே உக்காந்திருக்கும். அதோட பார்ட்னரோட ஹெச்ஏ (பிபிஎஸ்ஸோட முழு முகவரி) சரியா இருக்கணும், கால்சைன் (லைசென்ஸ்ல கொடுத்த அழைப்புக் குறி) அப்புறம் #டிஎன்.ஐஎன்டி.ஏஎஸ் னு, அந்த # விட்டுப்போனாலும் வேலைக்காகாது. "பெர்சனல் மெயில் மட்டும் அனுப்பு" ங்கற டிக் தவறி விழுந்திருக்கான்னும் பாருங்க.

இன்னொன்னு, ரூட்டிங் முடிவாகறது மெசேஜ் உள்ள வர்ற அந்த நேரத்துலதான். நீங்க இப்ப கட்டத்த சரி பண்ணாலும் ஏற்கனவே உக்காந்திருக்கற பழைய புல்லட்டின் தானா கிளம்பாது, புதுசா ஒன்னு போட்டுத்தான் டெஸ்ட் பண்ணணும்.

எல்லாத்துக்கும் முன்னாடி மெசேஜ் லிஸ்ட்ல அந்த புல்லட்டினுக்கு நேரா என்ன எழுத்து இருக்குன்னு சொல்லுங்க. என் (N) னா போக வழியே கிடைக்கல. $ னா போறதுக்கு காத்திட்டிருக்கு. எஃப் னா போயாச்சு.

ஜருகுமலை_பேக்கெட்:

ரூட்டிங்க விடுங்க, முதல்ல ரேடியோவ பாருங்க. மலை மேல இருக்கறவருக்கு சேலமும் கேக்கும் ஆத்தூரும் கேக்கும், ஆனா சேலத்துக்கும் ஆத்தூருக்கும் ஒருத்தர ஒருத்தர் கேக்காது, நடுவுல மலை. அதனால சேனல் காலியா இருக்குன்னு நெனச்சு ரெண்டு பேரோட செட்டும் ஒரே நேரத்துல பிடிடி அமுக்கும் (அனுப்ப ஆரம்பிக்கும்), மேல இருக்கற ரிசீவர்ல ரெண்டும் மோதி எதுவும் டீகோட் ஆகாது. பெர்சனல் நாலு வரி, எப்படியோ நழுவி போயிடும். புல்லட்டின் பெருசு, பாதில ரீட்ரை முடிஞ்சு லிங்க் கட் ஆகும். மூணாவது ஆள் சேர்ந்ததாலதான் பிரச்சனையோன்னு சந்தேகமா இருக்கு.

பேக்லென் (ஒரு பாக்கெட்டோட நீளம்) 236 வச்சிருந்தா 120க்கு இறக்குங்க, மேக்ஸ்ஃப்ரேம் (பதிலுக்கு நிக்காம அனுப்பற பாக்கெட்) 2, சேனல் காலியானதும் எவ்ளோ தயங்கி அனுப்பணும்ங்கறதுக்கு பெர்சிஸ்ட் 63, ஸ்லாட்டைம் 100. டிஎக்ஸ்டிலே (செட் கிளம்பினதும் டேட்டா அனுப்பறதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரம்) 300 மில்லி செகண்ட்ல ஆரம்பிச்சு ரிக் மெதுவா கிளம்பற டைப்னா ஏத்துங்க. இதுல ஒரு கூத்து இருக்கு, டைர் வுல்ஃப் கான்ஃபிக்ல டிஎக்ஸ்டிலே மாத்தி மாத்தி பாத்து ஒன்னும் மாறலைன்னு மண்டைய பிச்சுக்கறவங்க உண்டு. லின்பிபிக்யூ கிளம்பும்போதே தன்னோட மதிப்ப கிஸ் (மோடத்தோட பேசற முறை) வழியா மோடத்துக்கு அனுப்பிடும், அதுதான் ஜெயிக்கும். வேணாம்னா போர்ட் பகுதில கிஸ்ஆப்ஷன்ஸ்=நோபேராம்ஸ் னு போடணும். ஆடியோ லெவல் டைர் வுல்ஃப் திரைல 50 கிட்ட இருக்கட்டும்.

சின்ன கைப்பிடி செட்ட வச்சு ஓட்டறவங்களா இருந்தா பேட்டரி சேவர கண்டிப்பா ஆஃப் பண்ணணும், இல்லன்னா வர்ற பாக்கெட்டோட தலைய அது தூக்கத்துலயே தின்னுடும்.

டிப்போல்_ஃபேர்லேண்ட்ஸ்:

@ஜருகுமலை_பேக்கெட் அண்ணா, ரேடியோ கோளாறுன்னா ரெண்டு பக்கமும் அடி வாங்கணுமே. ஹஸ்தம்பட்டி புல்லட்டின் மேல ஏறுது, இவரோடது மட்டும் கீழ இறங்கல. அதே லிங்க், அதே செட். மோதல் இருக்கலாம், ஆனா காரணம் அது இல்ல.

சேர்வராயன்_ஷேக்:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ஃப்ளட் கட்டம் ஃபில் ஆகிதான் இருக்கு, ஹெச்ஏல # இருக்கு, அந்த டிக்கும் இல்ல. குழப்பம் என்னன்னா மெசேஜ் லிஸ்ட்ல புல்லட்டினுக்கு நேரா எஃப் காட்டுது!! என் மெஷின பொறுத்தவரை போயாச்சு. அங்க அவர் லிஸ்ட்ல பேரே இல்ல. அவர் ஃபில்டர் எதுவும் வைக்கலன்னு சத்தியம் பண்றார்.

குகை_எஃப்பிபி:

எஃப் ஆகுதுன்னா ரூட்டிங் பேச்ச இதோட நிறுத்திடலாம். உங்க மெஷின் கொடுத்திருக்கு, அவர் மெஷின் ஏதோ பதில் சொல்லியிருக்கு, அந்த பதில் என்னன்னு பாக்காம எல்லாரும் பேசிட்டிருக்கோம். மெயில் லாக்ல அந்த செஷன எடுத்து அப்படியே போடுங்க. எஃப்எஸ் னு ஆரம்பிக்கற வரி ஒன்னு இருக்கும், அதான் வேணும்.

சேர்வராயன்_ஷேக்:

இதோங்க, கால்சைன மட்டும் எடுத்துட்டேன். நான் அனுப்பினது எஃப்ஏ பி (FA B) னு அஞ்சு வரி, அஞ்சும் புல்லட்டின், பிஐடி (மெசேஜோட அடையாள எண்) 412_ ல இருந்து 416_ வரைக்கும் (அடிக்கோட்டுக்கு அப்புறம் என் கால்சைன்). அதுக்கு அவர் பக்கத்திலிருந்து வந்தது:

எஃப்எஸ் -----

அப்புறம் எஃப்எஃப் (வேற எதுவும் இல்ல), எஃப்க்யூ (முடிச்சுக்கறேன்), டிஸ்கனெக்ட். அவ்ளோதான்.

குகை_எஃப்பிபி:

கிடைச்சிருச்சு. ஒரு கேள்வி மட்டும், கோடைல உங்க எஸ்டி கார்டு போச்சா, பழைய பேக்கப் ஏத்தினீங்களா?

சேர்வராயன்_ஷேக்:

அட எப்படிங்க கண்டுபிடிச்சீங்க! மே மாசம் இடி மழைல சோலார் கன்ட்ரோலர் போய், பை பட்டுபட்டுனு ஆஃப் ஆகி கார்டு கரப்ட் ஆயிருச்சு. கோடை விழா சமயம், இருபது கொண்டை ஊசி வளைவும் வண்டியா நிக்குது, மேல போய் சேரவே பாதி நாள். கைல இருந்த பழைய இமேஜ புது கார்டுல ஏத்தி ஓட விட்டுட்டு இறங்கிட்டேன்.

குகை_எஃப்பிபி:

விளக்கமா சொல்றேன், இது வேற யாருக்காவதும் நடக்கும். ஃபார்வர்டிங்ல இப்ப எல்லாரும் ஓட்டறது எஃப்6எஃப்பிபி ங்கற பிரெஞ்சு ஹாம் கொண்டு வந்த புரோட்டோகால், லின்பிபிக்யூவும் அதையேதான் பேசுது. மெசேஜ நேரா தள்ளாது, முதல்ல "இன்னின்ன பிஐடி வச்சிருக்கேன், வேணுமா" னு ஒரு தடவைக்கு அஞ்சு வரைக்கும் கேக்கும். எதிர் பக்கம் ஒவ்வொன்னுக்கும் ஒரு குறி போடும். + னா அனுப்பு, - னா ஏற்கனவே என்கிட்ட இருக்கு, = னா இப்ப வேணாம் அப்புறம் பாத்துக்கலாம். ஒரே புல்லட்டின் நாலு வழியா சுத்தி வந்தாலும் ரெண்டாவது தடவ ஏறாம தடுக்கறது இந்த பிஐடி தான், ஃப்ளட் நெட்வொர்க்கே இத நம்பித்தான் ஓடுது.

லின்பிபிக்யூ பிஐடிய எப்படி செய்யுதுன்னா மெசேஜ் நம்பர், அடிக்கோடு, பிபிஎஸ் கால்சைன். உங்க பழைய இமேஜ்ல நம்பர் நானூறு சொச்சத்துல நின்னிருக்கு. கார்டு போறதுக்கு முன்னாடி நிஜத்துல அதத் தாண்டி எங்கயோ போயிருப்பீங்க. இப்ப 412னு புதுசா போடறீங்க, ஆனா ஹஸ்தம்பட்டி மெஷின் போன தடவையே ஒரு 412_ஐ பாத்திருக்கு, அது வேற மெசேஜ்ங்கறது அதுக்கு தெரியாது. "இருக்கு" னு - போடுது. உங்க மெஷினும் சரி அவர்கிட்ட இருக்குன்னு எஃப் போட்டுட்டு கடைய மூடிடுது. ரெண்டு மெஷினும் ரூல்ஸ்படிதான் நடந்திருக்கு.

பெர்சனல் ஏன் போச்சுன்னா அங்க லின்பிபிக்யூ கொஞ்சம் இளகின மனசு. பெர்சனலுக்கு பிஐடி ஒத்துப்போனாலும் உடனே தள்ளாது, அந்த பழைய மெசேஜ் இன்னும் தன்கிட்ட இருக்கான்னு பாக்கும், இல்லன்னா மறுபடி வாங்கிக்கும். நண்பர் பழச படிச்சு கில் பண்ணியிருப்பார் (அழிச்சிருப்பார்), அதனால புதுசு ஏறிச்சு. "ஒன்னு ரெண்டு காணாம போச்சு" னு போற போக்குல சொன்னீங்களே, அது அவர் கில் பண்ணாம வச்சிருந்த நம்பரோட மோதினதா இருக்கும்.

சரி பண்ற வழி. அவசரத்துக்கு பிஐடிய நீங்களே கைல கொடுக்கலாம், எஸ்பி (SB) ஆல் @ ஐஎன்டி $ஏற்காடு001 மாதிரி (இங்கிலீஷ் எழுத்துலதான், மொத்தம் 12 எழுத்துக்குள்ள). நிரந்தரமா வேணும்னா நம்பர பழைய உச்சத்த தாண்டி ஏத்திடுங்க. ஹஸ்தம்பட்டிக்காரர்கிட்ட உங்க கால்சைன்ல கடைசியா வந்த பிஐடி எவ்ளோன்னு கேளுங்க, 690னு வச்சுக்குவோம், உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கற டம்மி மெசேஜ் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ஸ்கிரிப்ட் போட்டு தயார் பண்ணுங்க, எஸ்பி (SP) உங்க கால்சைன், தலைப்பு ஒரு வரி, உள்ள ஒரு வரி, அடுத்து வரி ஆரம்பத்துலயே /இஎக்ஸ். இம்போர்ட் பண்ணா நம்பர் தானா ஏறும், எதுவும் வெளிய போகாது, அப்புறம் மொத்தமா கில். நான் 700ன்னு முழுசா கொண்டு போய் நிறுத்துவேன்.

சும்மா காத்திருந்தாலும் ஒரு நாள் சரியாகும், பிஐடிய டிஃபால்ட்டா 60 நாள்தான் வச்சிருக்கும். ஆனா ஆத்தூருக்கும் இதே கதைய எதுக்கு கொடுக்கணும்.

சேர்வராயன்_ஷேக்:

கேட்டேன்ங்க, அவர்கிட்ட கடைசி நம்பர் 683. டம்மி இம்போர்ட் பண்ணி 700க்கு ஏத்திட்டேன், 701 புல்லட்டின் போட்டேன், எஃப்எஸ் + !!! நடுவுல போட்ட பழைய புல்லட்டின் எல்லாத்தையும் புது நம்பர்ல திரும்ப போடறேன்.

கருப்பூர்_மாணவன்:

சந்தேகம் ஒன்னு. நான் இன்னும் லைசென்ஸ் பரீட்சை எழுதல, படிச்சிட்டிருக்கேன். இவ்ளோ கஷ்டப்பட்டு ரேடியோல அனுப்பறதுக்கு பதிலா பிபிஎஸ்ஸ இன்டர்நெட்ல ஜாயின் பண்ணி உலகத்துல இருக்கற புல்லட்டின் எல்லாத்தையும் மலைக்கு இறக்கிட்டா எல்லாருக்கும் படிக்க கிடைக்குமே?

ஜருகுமலை_பேக்கெட்:

சாஃப்ட்வேர்ல வழி இருக்கு தம்பி, ஏஎக்ஸ்ஐபி னு ஒரு போர்ட், வழக்கமா யூடிபி 10093. மொபைல் டேட்டால பப்ளிக் ஐபி பெரும்பாலும் கிடைக்காது, ஒரு முனையாவது வெளியிலிருந்து எட்டற மாதிரி இருக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி லைசென்ஸ் கண்டிஷன வரிவரியா படிங்க, ரேடியோவ வெளி நெட்வொர்க்கோட கட்டறதெல்லாம் கேட்டுட்டு செய்ய வேண்டிய காரியம்.

அப்புறம் கணக்கு போட்டு பாருங்க. 1200 பாட்னா செகண்டுக்கு 150 பைட், அதுவும் பேப்பர்ல. டிஎக்ஸ்டிலே, பதில் வர்ற நேரம், ரீட்ரை எல்லாம் போனா பாதி மிஞ்சினா பெரிய விஷயம். எஃப்பிபி கம்ப்ரஸ் பண்ணி அனுப்புது, அதனால ஏதோ ஓடுது. @ டபிள்யூடபிள்யூ (உலகம் பூராவும்) ஃப்ளட்ட அப்படியே திறந்து விட்டா மலை லிங்க் நாள் பூரா யாரும் படிக்காத சரக்கையே சுமந்திட்டிருக்கும், அவசரத்துக்கு ஒரு பெர்சனல் போக இடம் இருக்காது. @ ஐஎன்டி போதும், வேணும்னா விருப்பப்பட்ட தலைப்பு ஒன்னு ரெண்டு.

குகை_எஃப்பிபி:

சேர்வராயன், போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பேக்கப்ப இமேஜா வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்காதீங்க, டிர்மெஸ்.சிஸ், டபிள்யூஎஃப்பிட்.சிஸ், லின்மெயில்.சிஎஃப்ஜி, மெயில் ஃபோல்டர், இவ்ளோதான் சமாச்சாரம், தினமும் ராத்திரி ஒரு யூஎஸ்பி ஸ்டிக்குக்கு காப்பி ஆகட்டும். எந்த பேக்கப்ப ஏத்தினாலும் முதல் வேலை நம்பர தாண்டி குதிக்க வைக்கறது. ரெண்டாவது கடிகாரம். பை 3ல ஆர்டிசி (பவர் போனாலும் நேரத்த காப்பாத்தற கடிகார சிப்) கிடையாது, மேல நெட்டும் இல்லன்னா பவர் போய் வந்ததும் தேதி பின்னாடி போயிடும், அப்புறம் ஹவுஸ்கீப்பிங் (பழைய மெசேஜ தானா அழிக்கற வேலை) எத எப்ப அழிக்குதுன்னே தெரியாது. டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூல் ஒன்னு வாங்கி மாட்டிடுங்க.

சேர்வராயன்_ஷேக்:

ரெண்டும் செஞ்சிடறேன்ங்க. ஆத்தூர்க்காரரும் ஹஸ்தம்பட்டிக்காரரும் மோதற விஷயத்துக்கு மட்டும் ஜருகுமலை அண்ணா ஒரு வழி சொல்லுங்க, இப்ப ரெண்டு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு என்ன கூப்பிடறாங்க.

ஜருகுமலை_பேக்கெட்:

கீழ இருக்கற ரெண்டு பேரும் கூப்பிடறத நிறுத்தட்டும், மலை மட்டும் கூப்பிடட்டும். உங்க பக்கம் ரிக்வெஸ்ட் ரிவர்ஸ் ஆன் பண்ணிடுங்க, நீங்க கொடுக்கறத கொடுத்துட்டு அவங்ககிட்ட இருக்கறதையும் அதே கனெக்ஷன்ல வாங்கிக்கும். கனெக்ட் ஸ்கிரிப்ட்ல டைம்ஸ் வரி போட்டு ஆளுக்கொரு நேரம் பிரிங்க, நேரம் யூடிசில (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி), அதனால நம்ம நள்ளிரவுக்கு 1830 னு எழுதணும். ஹஸ்தம்பட்டிக்கு 1830-2029, ஆத்தூருக்கு 2030-2229. பகல்ல பெர்சனல் மட்டும் உடனே போற மாதிரி விட்டுடுங்க. ஆத்தூர்க்காரர்கிட்ட ஆன்டெனாவ மலை பக்கம் திருப்பி வச்சிருக்காரான்னும் ஒரு வார்த்தை கேளுங்க, போன வாரம் அவர் சிக்னல் என் பக்கம் தேவையில்லாம பலமா இருந்துச்சு. 73 (ஹாம் பாணில வாழ்த்துக்கள்).