சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் சரியாகுமா?

வைகைக்கரை:
வணக்கம். வயது 44, சொந்த ஊர் மதுரை, வேலை லூதியானாவில். ஆபீஸில் எடுத்த மாஸ்டர் செக்கப்பில் இடுப்புச் சுற்றளவு 97 செ.மீ., ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 218, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 34, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. பிரஷர் மட்டும் பரவாயில்லை. மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அரிசிதான் காரணம், ரொட்டிக்கு மாறு" என்று இங்கே ஆளாளுக்கு அட்வைஸ். ஆனால் பக்கத்து சீட் பஞ்சாபிக்காரர் பிறந்ததிலிருந்து ரொட்டிதான் சாப்பிடுகிறார், அவர் ரிப்போர்ட் என்னுடையதைவிட மோசம். ஊருக்கு ஊர் சாப்பாடு இப்படி மாறும்போது எதை நம்புவது?

பயறும்பாலும்:
நான் டயட்டீஷியன், சென்னை. இடுப்பு (நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.), ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., பிரஷர், சர்க்கரை, இந்த ஐந்தில் மூன்று எல்லை மீறினாலே (எச்.டி.எல். மட்டும் எல்லைக்குக் கீழே போனால்) மெட்டபாலிக் சிண்ட்ரோம்தான், அதாவது சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்தைக் கூட்டும் கோளாறுகளின் கூட்டு. உங்களுக்கு நான்கு மீறியிருக்கிறது, அலட்சியம் வேண்டாம்.

அரிசியா கோதுமையா என்பதற்கு ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2025இல் நேரடியாகவே பதில் சொல்லிவிட்டது. தெற்கிலும் கிழக்கிலும் வடகிழக்கிலும் வெள்ளை அரிசி, வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் கோதுமை மாவு. தானியம்தான் மாறுகிறதே தவிர, நாடு முழுக்கச் சராசரியாகக் கலோரியில் 62% மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. அரிசியை எடுத்துவிட்டு அங்கே கோதுமையோ சிறுதானிய மாவோ வைத்தவர்களுக்கு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்தக் கலோரியில் 5% அளவை மாவுச்சத்திலிருந்து குறைத்து, பருப்பு அல்லது பால்வகைப் புரதத்துக்கு மாற்றினால் சர்க்கரை நோய் ஆபத்து குறைகிறது என்பது அந்த ஆய்வின் கணக்கு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 100 கலோரி, ஏறக்குறைய 80 கிராம் சாதம், அவ்வளவுதான். தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது, உங்கள் ட்ரைகிளிசரைடு 218க்கும் எச்.டி.எல். 34க்கும் முக்கியமாகச் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மதுவும் உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

ஹூக்ளி தமிழன்:
அதே ஆய்வுக் குழு 2023இல் வெளியிட்ட மாநிலக் கணக்கையும் பாருங்கள் சகோ. சர்க்கரை நோய் தமிழ்நாட்டில் 14.4%, ரொட்டி சாப்பிடும் சண்டிகரில் 20.4%, சோறும் மீனும் சாப்பிடும் கேரளாவில் 25.5%. தானியத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும். நான் இருக்கும் கொல்கத்தாவில் மீன் கிடைப்பது பெரிய வரம், ஆனால் கேன்டீன் தட்டில் பாதிக்கு மேல் சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்கு, ஒரே ஒரு மீன் துண்டு, அப்புறம் கட்டாயம் ஒரு இனிப்பு. இங்கே உருளையைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

கோவை அக்கா:
தம்பி, லூதியானாவில் இருந்துகொண்டு நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ராஜ்மா, கொண்டைக்கடலை, தயிர், பனீர் எல்லாம் அங்கே சல்லிசாகக் கிடைக்கும், பனிக்காலத்தில் கடுகுக்கீரை வேறு. அந்த ஊர்ச் சாப்பாட்டில் இதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், வெண்ணெய் வைத்த ஆலு பராத்தாவையும் சர்க்கரை போட்ட லஸ்ஸியையும் விட்டுவிடுங்கள். நம் சாப்பாடு என்றால் சாம்பாரைக் கவனியுங்கள். மெஸ் சாம்பாரில் மேலே தண்ணீரும் புளியும்தான், பருப்பு அடியில் கிடக்கும். கலக்கி அடியிலிருந்து ஊற்றச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் சமைத்தால் பருப்பைக் கெட்டியாக வைத்து, கூட ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ, தட்டில் பாதிக்குப் பொரியல். சாதம் மிச்ச இடத்தில்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அம்மா ஊரிலிருந்து கேழ்வரகு மாவு அனுப்பியிருக்கிறார். களி, கூழ் ஓகேவா?

பயறும்பாலும்:
தாராளமாக, ஆனால் சாதத்துக்குப் பதிலாக, சாதத்தோடு கூடுதலாக அல்ல. கூழ் கரைத்துக் குடிப்பதால் அளவு தெரியாமல் உள்ளே போய்விடும், களியாகக் கிண்டி, கூடக் கீரைக் கடைசலும் முட்டையும் வைத்துச் சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து ட்ரைகிளிசரைடை வெறும் வயிற்றில் எடுங்கள், முந்தின நாள் விருந்தும் மதுவும் கூடாது, இல்லாவிட்டால் நம்பர் ஏறித் தெரியும். அதே லேபில் எடுத்து, இடுப்பையும் டேப்பால் அளந்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.