அப்பாவின் கிரியேட்டினின் 1.4: சிறுநீரும் பார்க்க வேண்டுமா?

கேள்வி (தம்பலகாமம்):
அப்பாவுக்கு 61 வயது, வயல்காரர், பத்து வருடமாகச் சீனி வருத்தம். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.4, ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம், குறைந்தால் கெடுதல்) 57. கிளினிக்கில் சிறுநீரும் கேட்கிறார்கள். இரத்தத்திலேயே தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு?

பதில் (உப்புவெளி):
தம்பி, இரத்தம் சொல்வது இன்றைய நிலையை. சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம்தான் இனி எவ்வளவு வேகமாகக் கெடும் என்று காட்டும். அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 30க்குக் கீழ் என்றால் நல்லது, 300ஐத் தாண்டினால் கவலை. என் அம்மாவுக்கு ஈஜிஎஃப்ஆர் 58, விகிதம் 420. பக்கத்து வீட்டு மாமாவுக்கு 55, விகிதம் 12. நாலு வருடத்தில் அம்மா 31க்கு இறங்கிவிட்டா. மாமா இன்னும் சைக்கிளில் சந்தைக்குப் போகிறார்!

பதில் (கிண்ணியா):
சரிதான். ஆனால் காய்ச்சலோ கடும் வேலையோ இருந்தாலும் அல்புமின் கூடும். காலையில் முதல் சிறுநீரைக் கொடுங்கள், மூன்று மாதத்தில் திரும்பவும் பாருங்கள். வயது, ஆணா பெண்ணா, ஈஜிஎஃப்ஆர், விகிதம் நான்கையும் வைத்து 2, 5 வருடத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்தைக் கணிக்கும் சூத்திரம் 2011இலேயே வந்துவிட்டது, டொக்டரிடம் கேளுங்கள். வயல்காரர் என்பதால் இன்னொன்று: வயல்காரர்களுக்கு வரும், காரணம் தெரியாத சிறுநீரக வருத்தத்தில் அல்புமின் அதிகம் கசியாது. விகிதம் நல்லது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்பா நேற்று முழுக்க வரப்பு வெட்டினார். அப்போ நாளைக்குக் கொடுக்காமல் அடுத்த வாரம் கொண்டுபோகிறேன்.